கெரெ, கரை, ஏரி: மும்மொழி ஊர்களில் சொற்பட்டியல் தயாரிக்கும் முறை

"கெரெ ஏரி ஒடெதிதெ" என்று கன்னடத்தில் ஒரு தகவல் வருகிறது. தமிழ்க் காதில் கரையும் ஏரியும் விழுகின்றன. ஏதோ ஏரிக்கரை உடைந்த சேதி என்று புரிந்தும் விடுகிறது. புரிந்தது சரிதான், ஆனால் தற்செயலாகச் சரி. கன்னடத்தில் கெரெ என்றால் நம் ஏரி. ஏரி என்றால் நம் கரை. இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. அடுத்த வரி "ஏரி மேலெ கிட நெடபேடி" என்று வந்தால் தற்செயல் கைகொடுக்காது. கரைமேல் செடி நடக்கூடாது என்பது, ஏரியில் செடி நடக்கூடாது என்றாகிவிடும். தெலுங்கில் ஏரு என்றால் ஆறு அல்லது ஓடை. ஏரிக்குச் செருவு, கரைக்குக் கட்ட.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் புழங்குகின்றன. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு வரை கன்னடமும் தெலுங்கும் கலந்தே கேட்கும். இங்கே மொழிபெயர்ப்பில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை தெரியாத சொல்லால் வருவதில்லை. தெரியாத சொல் என்றால் கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி ஒலிக்கும் சொல்தான் கேட்கவிடாமல் கவிழ்க்கும். அதனால் கீழே சொல்லும் முறை முழுவதும் ஒரே வழியில் போகிறது: சொல்லிலிருந்து பொருளுக்குப் போங்கள், பொருளிலிருந்து அடுத்த மொழிச் சொல்லுக்கு வாருங்கள். சொல்லிலிருந்து நேராகச் சொல்லுக்குத் தாவாதீர்கள்.

யார் படிக்கப் போகிறார்கள்

சொற்பட்டியல் தொடங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். ஐடிஐ மாணவருக்கான பாடக்குறிப்பு என்றால் கடைசலர், பொருத்துநர், பற்றவைப்பாளர் என்ற சொற்கள் வேண்டும்; சான்றிதழிலும் வேலை விளம்பரத்திலும் அவை வரும். அதே ஆள் சிப்காட் பட்டறைக்குள் நுழைந்த பிறகு டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்றுதான் அழைக்கப்படுகிறார். பட்டறைச் சுவரில் ஒட்டும் எச்சரிக்கைக்கு இரண்டாவது வகைதான் சரி. எச்சரிக்கைப் பலகை மொழி வளர்க்கும் இடம் இல்லை. ஒரு நொடியில் புரியாவிட்டால் விரல் போய்விடும்.

இதற்காகத் தமிழ்க் கலைச்சொல்லே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தீயணைப்பான் என்பதை முதல்முறை கேட்பவருக்கும் விளக்கத் தேவையில்லை. தீயும் தெரியும், அணைப்பதும் தெரியும். உறுப்புகளைப் பார்த்தாலே பொருள் விளங்கும் சொல்லைத் தயங்காமல் பலகையில் போடலாம். ஃபியூஸுக்கு உருகி அழகான சொல், சரியான சொல்லும்கூட. ஆனால் ஊரில் வழக்கத்துக்கு வரும்வரை "ஃபியூஸ் (உருகி)" என்று சேர்த்தே எழுதுங்கள். துறைச்சொல் தேடுவோர் முதலில் தமிழக அரசின் ஆட்சிச்சொல் அகராதியையும் சொற்குவை என்ற கலைச்சொல் இணையத்தளத்தையும் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்குப் போட்டியாகப் புதுச்சொல் படைத்தால் படிப்பவருக்குத்தான் சுமை.

சொல் அட்டை

ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. தாளில் எழுதினாலும் சரி, கணினியில் எக்செல் தாளில் ஒரு வரியாக வைத்தாலும் சரி. அதில் இவை இருக்க வேண்டும்: பொருளின் படம் அல்லது ஒருவரி விளக்கம், பேச்சில் வழங்கும் சொல், எழுத்தில் வழங்கும் சொல், தெலுங்குச் சொல் தெலுங்கு எழுத்தில், கன்னடச் சொல் கன்னட எழுத்தில், இரண்டுக்கும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அளவலகு, ஒரு முழு வாக்கியம், எந்த ஊரில் எந்தத் தொழில் செய்பவர் சொன்னது என்ற குறிப்பு. கடைசியாக ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்: "இந்தச் சொல்லோடு குழப்பக்கூடாதது". பலர் இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பட்டியலின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மூல எழுத்து எதற்கு என்று கேட்கலாம். தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஓர் எழுத்துதான். இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். தெலுங்கிலும் கன்னடத்திலும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனி எழுத்துகள். தெலுங்கில் தொடக்கூடாது என்பதையும் குடிக்கக்கூடாது என்பதையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே "தாகவத்து" ஆகிவிடும். மூல எழுத்தில் பார்த்தால் நடுவே உள்ள எழுத்து வேறு என்று உடனே தெரியும். ரசாயன டிரம்மின் மேல் ஒட்டும் தாளுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று: தெலுங்கில் கோழிக்குக் கோடி. தமிழ் எழுத்தில் "நூறு கோடி" என்று குறித்து வைத்தால் கணக்குப் பார்ப்பவர் திகைத்துப் போவார்.

குறில் நெடிலையும், ல ள வேறுபாட்டையும் காதால் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள். கன்னடத்தில் பெலெ என்றால் விலை, பெளெ என்றால் பயிர், பேளெ என்றால் பருப்பு. மூன்றும் ஒரே மண்டியில் ஒரே பேச்சில் வரும். ஹல்லி என்றால் பல்லி, ஹள்ளி என்றால் கிராமம், ஹள்ள என்றால் ஓடை அல்லது பள்ளம். சொப்பு என்றால் கீரை. அதை நீட்டிவிட்டால் சோப்பு.

ஒரு சொல்லுக்குக் குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் அந்தத் தொழிலில் முதியவர், ஒருவர் இளையவர், ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். "இதற்குக் கன்னடத்தில் என்ன?" என்று கேட்பதைவிட, பொருளையே கையில் எடுத்துக் காட்டி, "இதை என்னன்னு சொல்லுவீங்க, இதை வெச்சு என்ன செய்வீங்க?" என்று கேட்பது நல்லது. முதல் கேள்விக்குப் புத்தகச் சொல் வரும். இரண்டாவதற்குத்தான் புழங்கும் சொல் வரும். ஒரு மாலையில் இருபது சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். சொல்பவர் களைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட ஆரம்பித்துவிடுவார்.

ஒலி மாறும் வழி

ஒகேனக்கல் என்ற பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹொகெ என்றால் கன்னடத்தில் புகை; கல் நமக்கும் கல்தான். அருவித் தூவானம் புகைபோல எழும் பாறை. புகை ஹொகெ ஆனது போலவே பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி, புல் ஹுல்லு. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பிற்காலத்தில் ஹகரம் ஆயின. தெலுங்கில் பகரம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்: பாலு, பூவு, புலி. மாரண்டஅள்ளியின் அள்ளியும், நல்லம்பள்ளி, போச்சம்பள்ளியின் பள்ளியும் இந்த வழியில் உறவுச் சொற்களே.

வகரம் கன்னடத்தில் பகரம் ஆகும்: வேர் பேரு, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வாழை பாளெ. மேலே சொன்ன விலையும் விளைச்சலும் பெலெ, பெளெ ஆனது இதனால்தான். சொல்முதல் சகரம் சில சொற்களில் ககரமாக இருக்கும்: செவி கிவி, சேரி கேரி. ழகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ளகரமாகவும், தெலுங்கில் பல இடங்களில் டகரமாகவும் வரும்: ஏழு, ஏளு, ஏடு, கோழி, கோளி, கோடி.

இந்த விதிகளை வைத்துப் புதுச்சொல்லை ஊகிக்கலாம். ஊகத்தை அட்டையில் எழுதிவிடக் கூடாது. ஏனென்று தானியப் பட்டியல் காட்டும்.

தானியமும் மண்டியும்

வகரம் பகரமாகும் என்ற விதிப்படி வரகு கன்னடத்தில் பரகு ஆக வேண்டும். பரகு என்று கன்னடத்தில் ஒரு தானியம் இருக்கவும் செய்கிறது. ஆனால் அது பனிவரகு. நம் வரகுக்குக் கன்னடத்தில் ஹாரக, தெலுங்கில் அரிகெலு. தெலுங்கில் வரிகெலு என்று கேட்டால் அதுவும் பனிவரகுதான். விதி சொற்களின் உறவைக் காட்டுகிறது. பொருள் ஒன்றுதான் என்று உறுதி சொல்வதில்லை. விதைக்கு வாங்கும்போது இந்தக் குழப்பம் வந்தால் ஒரு பருவமே வீண். பனிவரகு சீக்கிரம் விளைவது. வரகு நிலத்தில் நாலைந்து மாதம் நிற்பது.

கொர்ரலு என்று தெலுங்கர் சொன்னால் தினை. அதற்குக் கன்னடத்தில் நவணெ. கன்னடர் கொரலெ என்றால் தினை இல்லை; ஆங்கிலத்தில் பிரவுன்டாப் மில்லட் எனப்படும் வேறு சிறுதானியம், தெலுங்கில் அண்டு கொர்ரலு. சாமை இந்தக் குழப்பத்தில் சேராது: சாமெ, சாமலு என்று மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். கம்புக்கு இரு மொழியிலும் ஒரே வேர்: சஜ்ஜெ, சஜ்ஜலு. சோளம் என்று தமிழில் எழுதினால் மட்டும் கூடவே வெள்ளைச்சோளமா மக்காச்சோளமா என்று குறிப்பிடுங்கள். நகரத்துப் பேச்சில் சோளம் மக்காச்சோளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. கன்னட ஜோள, தெலுங்கு ஜொன்னலு என்றால் பழைய சோளமே.

ராகியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நமக்கும் கன்னடருக்கும் ராகி கேழ்வரகு. தெலுங்கில் தானியத்துக்கு ராகுலு என்று பன்மையில் வரும்; ராகி என்று ஒருமையில் வந்தால் பெரும்பாலும் செம்பு உலோகம். ராகி தீக என்றால் செம்புக் கம்பி. மின்சாரப் பொருள் பட்டியலில் ராகி என்று வந்தால் மூட்டை தேடாதீர்கள். தமிழில் செப்பு என்றால் செம்பு. தெலுங்கில் செப்பு என்றால் "சொல்லு".

கடலை இன்னொன்று. தமிழில் வெறுமனே கடலை என்றால் பேச்சில் நிலக்கடலைதான் முதலில் நினைவுக்கு வரும். கன்னடத்தில் கடலெ என்றால் கொண்டைக்கடலை, நிலக்கடலைக்குக் கடலெகாயி. தெலுங்கில் செனக என்றால் கொண்டைக்கடலை, வேருசெனக என்றால் நிலக்கடலை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்பவர்கள் அட்டையில் சிவப்பு மையால் எழுத வேண்டியது இது: தெலுங்கில் கொப்பரிகாய என்றால் தேங்காய். நமக்குக் கொப்பரை என்றால் காய்ந்த பருப்பு. விலை வேறு, எடை வேறு, ஈரப்பதக் கணக்கு வேறு.

மாம்பழத்தில் நேர் எதிர்ச் சிக்கல். ஒரே பழத்துக்கு ஊருக்கொரு பெயர். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு, கன்னடத்தில் கிணிமூத்தி, ஆந்திரப் பக்கம் கலெக்டர்: எல்லாம் ஒரே ரகம்தான். அல்போன்சாவைக் கர்நாடகத்தில் பாதாமி என்பார்கள். பங்கனப்பள்ளிக்குப் பேனிஷான் என்றொரு பெயர். ரகப் பட்டியலில் ஏதாவது ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை அதன்கீழ் சேருங்கள்; தனித்தனி வரியாகப் போட்டால் ஒரே சரக்கு மூன்று முறை கணக்கில் ஏறும். ஆங்கிலத்தில் மேங்கோ என்று வருவதை மொழிபெயர்க்கும் முன் காயா பழமா என்று கேளுங்கள். நம் மூன்று மொழிகளும் அதைப் பிரித்தே சொல்கின்றன: மாங்காய் மாம்பழம், மாவினகாயி மாவினஹண்ணு, மாமிடிகாய மாமிடிபண்டு. மாங்கூழ் ஆலைத் தாளில் பிரிக்ஸ் என்று இருந்தால் அதைச் சர்க்கரை அளவு என்று எழுதிவிடாதீர்கள். சாற்றில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருளை அளக்கும் எண் அது. பெரும்பகுதி சர்க்கரை, முழுவதும் இல்லை. பிரிக்ஸ் என்றே வைத்து, முதல்முறை வரும் இடத்தில் ஒருவரி விளக்கம் போதும்.

பட்டுக்கூடு விஷயத்தில் சொற்கள் பெரும்பாலும் ஒத்துப் போகும். கூடு கன்னடத்திலும் கூடுதான், சந்திரிகை (புழு கூடு கட்டும் தட்டு) சந்திரிகெதான். ஹண்ணு ஹுளு என்பதை மட்டும் எழுத்துக்கு எழுத்து பெயர்த்துப் பழப்புழு என்று போட்டால் பழத்தைத் தின்னும் புழு ஆகிவிடும். கூடு கட்டத் தயாரான, பழுத்த புழு என்பதே அதன் பொருள்.

நிலமும் பத்திரமும்

இங்கே சொல்லைவிட அலகு அதிகம் ஏமாற்றும். கர்நாடகத்தில் ஓர் ஏக்கர் 40 குண்டெ. நம்மிடம் ஓர் ஏக்கர் 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு குண்டெ 1,089 சதுர அடி. ஆக ஒரு குண்டெ இரண்டரை சென்ட். கர்நாடகப் பஹணியில் (நிலப் பதிவேட்டில்) 2-20 என்று இருந்தால் அது இரண்டு ஏக்கர் இருபது குண்டெ, அதாவது இரண்டரை ஏக்கர். அதையே நம்மவர் 2.20 ஏக்கர் என்று படித்தால் 30 சென்ட் காணாமல் போகும். குப்பம் பக்கத்து ஆந்திரத் தாளில் அதே எண் வந்தால் சென்ட் என்று கொள்ளலாம். நம் பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வரும்: 0.40.50 என்றால் நாற்பதரை ஏர், ஏறத்தாழ ஓர் ஏக்கர். எண்ணை அப்படியே நகல் எடுத்து, பக்கத்தில் மூல அலகை எழுதி, அடுத்த கட்டத்தில் மாற்றிய அளவை எழுதுங்கள். மூல எண்ணை அழித்து மாற்றிய எண்ணை மட்டும் வைப்பது பெரிய தவறு. பிறகு சரிபார்க்க வழியே இருக்காது.

கன்னடத்திலும் தெலுங்கிலும் பாவி என்றால் கிணறு. எல்லை விவரத்தில் "தெற்கே பாவி" என்று தமிழ் எழுத்தில் வந்தால் திடுக்கிட வேண்டாம். கிணறு என்று எழுதிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம் இரு மொழியினருக்கும் புரியும். வில்லங்கச் சான்றுக்குக் கன்னடத்தில் ருணபார பத்ர. பட்டா, சிட்டா, அடங்கல், பஹணி, காதா, கராபு போன்றவற்றை மொழிபெயர்க்கவே கூடாது. ஒவ்வொன்றும் அந்தந்த மாநிலச் சட்டத்தோடு பிறந்த சொல். கராபு என்பதைத் தரிசு என்று எழுதினால், சாகுபடிக்கு உதவாத பட்டா நிலமா, பொதுவழி போன்றவற்றுக்கு ஒதுக்கியதா என்ற வேறுபாடு தொலைந்துவிடும். சொல்லை அப்படியே வைத்து அடைப்புக்குறிக்குள் விளக்குங்கள். ஊர்ப் பெயருக்கும் இதே முறை. அள்ளி, ஹள்ளி, பள்ளி என்று தாளுக்குத் தாள் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, "என்றும் வழங்கும்" என்று மற்ற வடிவத்தைச் சேருங்கள்.

படிவங்களில் "சஹி மாடி" என்று வரும். மாடி கட்டடத்தின் மேல்தளம் இல்லை, "செய்யுங்கள்". கையெழுத்திடுங்கள் என்று பொருள்.

பட்டறைச் சொற்கள்

ஆங்கிலத்தில் திரெட் என்று வந்தவுடன் நூல் என்று எழுதும் பழக்கம் பட்டறையில் ஆபத்து. போல்ட்டில் இருப்பது மரை. நூல் என்பது அங்கே அளவு: ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. வடநாட்டுத் தொழிலாளர் சூத் என்று சொல்வதும் அதே அளவைத்தான். அவர்கள் மொழியிலும் அதற்கு நூல் என்றே பொருள். "நாலு நூல் கம்பி" என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ. கடையில் அதற்கு 12 மி.மீ. கம்பியைத்தான் கொடுப்பார்கள். கட்டட வேலைக்கு அது பழகிப்போன விஷயம். எந்திரப் பாகத்துக்கு அந்த 0.7 மி.மீ. முழுப் பாகத்தையும் கழிவுக்கு அனுப்பிவிடும். ஆகவே பட்டறைப் பட்டியலில் எல்லா அளவும் மில்லிமீட்டரில், புள்ளிக்கு முன் சுழியோடு: .05 இல்லை, 0.05. அது 50 மைக்ரான் என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

அழுத்தம் என்ற சொல் தமிழில் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. காற்றழுத்தம், மின்னழுத்தம், ரத்த அழுத்தம், மன அழுத்தம், பொத்தானை அழுத்துவது எல்லாம் அதுவே. "அழுத்தத்தைச் சரிபார்க்கவும்" என்ற பலகையைப் பார்த்து ஒருவர் கம்ப்ரசர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் வோல்ட் மீட்டரைப் பார்ப்பார். முன்னொட்டு இல்லாமல் இந்தச் சொல்லை எழுதாதீர்கள். பட்டறையில் "காற்றுப் பிரஷர்", "வோல்டேஜ்" என்று எழுதுவதே பாதுகாப்பு. பாடக்குறிப்பில் இன்னும் கவனம் வேண்டும்: பொருளின்மேல் விசை தரும் விளைவில் தகைவு வேறு, திரிபு வேறு, மின்திறன் வேறு, மின்னாற்றல் வேறு, வேகம் வேறு, திசைவேகம் வேறு. பேச்சில் ஒன்றாகப் புழங்கும் இரு சொற்கள் சூத்திரத்துக்குள் வந்ததும் இரு பொருள் ஆகிவிடும். அங்கே அழகுக்காகச் சொல்லை மாற்றி மாற்றி எழுதக்கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், கடைசிப் பக்கம் வரை அதே சொல்.

தெலுங்கில் "நொக்கண்டி" என்றால் அழுத்துங்கள். தமிழ் நோக்கு இல்லை. கன்னடத்தில் அதற்கு "ஒத்தி". தமிழ் ஒத்தி வேறு. நிறுத்து என்பதற்குத் தெலுங்கில் ஆபு, கன்னடத்தில் நில்லிசி. அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மூன்றையும் எழுதி, மேலே ஆங்கில ஸ்டாப்பையும் விட்டு வையுங்கள். எல்லாருக்கும் தெரிந்த சொல்லை நீக்குவதில் லாபம் ஒன்றும் இல்லை.

பூச்சிக்கொல்லி லேபிளும் நிறமும்

தமிழில் மருந்து, தெலுங்கில் மந்து: வயலுக்கு அடிப்பதும் மருந்து, வாயில் போடுவதும் மருந்து. எழுத்தில் எப்போதும் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி என்றே போடுங்கள். எச்சரிக்கைக்குப் பேச்சுச்சொல்தான் சரி என்று முன்பு சொன்னதற்கு இது ஒரு விலக்கு.

நம் நாட்டுப் பூச்சிக்கொல்லிப் புட்டியில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. தெலுங்கில் பச்ச என்ற சொல் பச்சைக்கும் வரும், மஞ்சளுக்கும் வரும். "பச்ச குறி இருக்கும் புட்டி" என்று சொல்லிவிட்டால் இரண்டாம் நிலை நஞ்சும் நான்காம் நிலை நஞ்சும் ஒன்றாகிவிடும். பச்சைக்கு ஆகுபச்ச என்றும், மஞ்சளுக்குப் பசுபு என்றும் பிரித்து எழுதுங்கள். கன்னடத்தில் குழப்பம் இல்லை: பச்சை ஹசிரு, மஞ்சள் ஹளதி. மின்கம்பி நிறப் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனென்றால் பச்சை எர்த், மஞ்சள் ஃபேஸ்.

அளவை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். "1 லிட்டர் நீருக்கு 2 மில்லி" என்று மட்டும் விட்டால் தெளிப்பான் அருகே நின்று பெருக்கல் போட வேண்டியிருக்கும். "16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி" என்றும் சேருங்கள். மூடிக்கணக்கு வேண்டாம், புட்டிக்குப் புட்டி மூடி மாறும். தெளித்த பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களைக் "காத்திருப்புக் காலம்" என்று சுருக்கினால் யாருக்கும் விளங்காது. "தெளித்த நாளிலிருந்து இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது" என்று வாக்கியமாகவே எழுதுங்கள்.

வாக்கியத்தில் வழுக்கும் இடங்கள்

நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்பவர் இல்லை. தெலுங்கில் மனம், மேமு என்று இதே பிரிவு உண்டு. இன்றைய கன்னடத்தில் நாவு ஒன்றே. ஆங்கிலத்திலும் ஒன்றே. கால்வாய் தூர்வாரும் அறிவிப்பு கன்னடத்தில் வந்து, அதைத் தமிழாக்கும்போது நாங்கள் என்று போட்டால் ஊரார் யாரோ செய்யப் போகிறார்கள் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அனுப்பியவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தெலுங்கு "வச்சிந்தி" வந்தாள் என்பதற்கும் வந்தது என்பதற்கும் பொது. முன்வரியைப் பார்க்காமல் திணை போடாதீர்கள். மொழிபெயர்ப்புச் செயலி இந்த இரண்டு இடங்களிலும், நீ, நீங்கள் வேறுபாட்டிலும்தான் அடிக்கடி சறுக்கும். செயலி தந்ததில் முதலில் இம்மூன்றையும் தேடிப் பாருங்கள்.

மூன்று மொழியிலும் மறுப்பு வினையின் கடைசியில் வரும்: தொடாதீர், முட்டபேடி, தாகவத்து. பலகையின் ஓரம் மழையில் உரிந்தாலோ, வரி உடைந்து கடைசிப் பகுதி கீழே போனாலோ, தடை கட்டளையாகிவிடும். அதனால் மறுப்புச் சொல்லை வினையோடு ஒரே வரியில், ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். குறுக்குக் கோடிட்ட கைப்படமும் சேருங்கள்.

சரிபார்த்து அச்சுக்கு அனுப்புதல்

முடித்ததை வேறொருவரிடம் கொடுங்கள். மூலத்தைப் பார்க்காத ஆளாக இருக்க வேண்டும். அவர் தமிழுக்குத் திருப்பி எழுதட்டும். திருப்பி வந்தது சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டியதில்லை. எண், அலகு, நிறம், மறுப்பு, யார் செய்ய வேண்டும் என்ற ஐந்தும் பொருந்த வேண்டும். பிறகு அந்த மொழி பேசும் மூன்று பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் மரியாதைக்குப் புரிந்தது என்பார்கள்.

கோப்பை யூனிகோடில், யுடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணினியில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் தெரியும். தெலுங்கு, கன்னட எழுத்துகள் பார்வைக்கு ஒத்திருந்தாலும் கணினிக்கு வேறு வேறு. கன்னடச் சொல்லைத் தெலுங்கு விசைப்பலகையில் அடித்துவிட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் பழைய மென்பொருள் இருந்தால் கன்னட, தெலுங்குக் கூட்டெழுத்துகள் பிரிந்து தனித்தனியே நிற்கும். தமிழில் கொம்பு இடம் மாறும். எழுத்தை அனுப்புவதோடு, சரியாகத் தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரர் தரும் மாதிரியைக் கைப்பேசியில் பார்த்து ஒப்புதல் தராமல், தாளில் அச்சிட்டு வாங்கி, அந்தந்த மொழி படிக்கத் தெரிந்தவர் கையெழுத்து வைத்த பிறகே பெரிய அளவில் அடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் சொல் அட்டைகளோடு வைத்திருங்கள். அடுத்த முறை பலகை மாற்றும்போது எந்த ஊர்ச்சொல், யார் ஒப்புக்கொண்டது என்பது அதில்தான் இருக்கும்.